தபாட்டா: 4 நிமிடமா, அந்த 4 நிமிடத்தின் கடுமையா?

எந்தப் பயிற்சியானாலும் 20 வினாடி செய்து 10 வினாடி ஓய்வெடுப்பதை ஒரு சுற்றாக வைத்து 8 சுற்று செய்தால், 4 நிமிடத்திலேயே ஒரு மணி நேரப் பயிற்சியின் பலன் கிடைக்கும் என்று தபாட்டா பயிற்சியைப் பற்றிச் சொல்கிறார்கள். பலரும் அதைப் பகிர்வதால் ஒரு சின்ன திருத்தம்.

இது 1996ல் வெளியான ஜப்பானிய உடற்பயிற்சி ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் ஆய்விலிருந்து வந்தது. அதில் பயன்பட்டது நிலை சைக்கிள். உடல் தன் உச்ச அளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடுமையைப் போலச் சுமார் 170 சதவீதக் கடுமையில் மிதிக்க வேண்டும். 7, 8 சுற்றுகளிலேயே முற்றிலும் ஓய்ந்துவிடுவார்கள். வாரம் 5 நாள், 6 வாரம். உச்ச ஆக்சிஜன் பயன்பாடு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டர் கூடியது, ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கும் திறன் 28 சதவீதம் கூடியது. உண்மையிலேயே அருமையான முடிவு! ஆனால் அது அந்தக் கடுமைக்குக் கிடைத்தது. டைமரை மட்டும் வைத்துக்கொண்டு வயிற்றுப் பயிற்சி செய்தால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அப்புறம், இந்தக் கடுமையான பயிற்சி எடுத்தவர்களும் வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் சீரான வேகத்தில் மிதித்தார்கள்; இதை யாரும் சொல்வதில்லை.

சரிபார்ப்பது எளிது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் Tabata 1996 என்று தேடினால் ஆய்வின் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். 170 சதவீதம், 7-8 சுற்று இரண்டும் அதிலேயே உள்ளன. உங்கள் பயிற்சியையும் சோதிக்கலாம்: 8வது சுற்று முடிந்ததும் இன்னும் இரண்டு சுற்று தாராளமாகச் செய்ய முடிகிறதென்றால், நீங்கள் செய்தது வேறு பயிற்சி.