எங்கள் கல்லூரிக்குப் பெயர் வைக்க நீங்கள் யார்?

நேற்று இரவு அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "கடற்கரையில் இன்னும் வெள்ளைக்கார ராணி பெயரில் ஒரு கல்லூரி எதற்கு? அங்கே படித்த பெண்கள் அந்தப் பெயரைக் கட்டிக்கொண்டு அழுவது அடிமைப் புத்தி" என்றாரே ஒருவர், அவருக்குத்தான் இது. நெறியாளர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். ராணி மேரிக் கல்லூரியில் படித்த ஒருத்தியையாவது கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்று அந்த மேதைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெயர் இருக்கட்டும் அல்லது போகட்டும். அங்கே படித்தவர்களையும் படிக்கிறவர்களையும் கேட்டீர்களா? நான் கேட்பது இவ்வளவுதான்.

அடிமைப் புத்தியாம்! லட்சுமி சேகல் எங்கள் கல்லூரியில் படித்தவர். எந்த அரச வம்சத்தின் பெயரைக் கல்லூரி தாங்கியிருந்ததோ அதே அரசை எதிர்த்து நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்தியவர். தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் எங்கள் கல்லூரிதான். 1914-இல் மெட்ராஸ் மகளிர் கல்லூரியாகத் தொடங்கியதற்கு 1917-இல்தான் ராணியின் பெயர் வந்தது. அந்த ராணி எங்களுக்கு ஒரு பாடமும் எடுத்ததில்லை, நாங்களும் அவர் படத்துக்கு மாலை போட்டதில்லை. வாசலில் எழுதியிருந்த பெயர் எங்களுக்கு எங்கள் அக்காமார்களின் பெயர், எங்கள் பேராசிரியைகளின் பெயர்.

2003-ஐ மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. வாடகை பாக்கி வைத்தவர்களைக் காலி செய்யச் சொல்வதுபோல எங்களிடம் சொன்னார்கள். வெளியே போக மாட்டோம் என்று வளாகத்திலேயே உட்கார்ந்தோம். தேர்வு நேரம் வேறு. என் அப்பா, "படிக்கப் போனாயா, கலகம் செய்யப் போனாயா?" என்று பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். சட்டி கம்பிக்குள் நுழையவில்லை. வாழையிலைத் துண்டுகளில் பொட்டலமாக மடித்து ஒவ்வொன்றாக நீட்டினார். அங்கே நின்ற பெண் காவலர், "யாருக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டார். "எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். உனக்கும் ஒன்று தரட்டுமா கண்ணு?" என்றார் அம்மா. அந்தப் பெண் வாங்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. கல்லூரி வாசலையே பார்த்திராத என் அம்மாவுக்கு அது யாருடைய கல்லூரி என்று தெரிந்திருந்தது.

"அதெல்லாம் எதிர்க்கட்சி தூண்டிவிட்ட போராட்டம்" என்று உடனே ஓடி வருவீர்கள். வாருங்கள். ஸ்டாலின் வந்தார், வளாகத்துக்குள் நுழைந்ததற்காகக் கைதானார், உண்மைதான். அவர் வருவதற்கு முன்பே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஆண்பிள்ளைகள் போராடினால் எழுச்சி, பெண்பிள்ளைகள் போராடினால் தூண்டுதல்! கட்சிக்காரியாக இருந்தால் இதை எழுதுவேனா பாருங்கள்: கல்லூரி தொடங்கிய கேப்பர் இல்லம் இருந்த இடத்தில் இன்று நிற்பது கலைஞர் மாளிகை. அந்தப் பெயரை வைத்தபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை. எந்தக் கட்சி வந்தாலும் எங்களைக் கேட்பதில்லை என்பதுதானே நான் சொல்வது?

"1996-இல் மெட்ராஸ் சென்னை ஆனபோது கைதட்டினாயே" என்று ஒரு நண்பர் காலையிலேயே கேட்டுவிட்டார். தட்டினேன். அது ஊர், அது வேறு. எப்படி வேறு என்று நீட்டி விளக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. உயர் நீதிமன்றமும் ஐஐடியும் இன்னும் மெட்ராஸ் என்ற பெயரோடுதான் இருக்கின்றன. அங்கே போய் அடிமைப் புத்தி என்று சொல்லிப் பாருங்களேன். சொல்ல மாட்டீர்கள். அங்கே நீதிபதிகளும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இங்கே இருப்பது அரசுக் கல்லூரிப் பெண்கள், குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்க வந்தவர்கள். எங்களைப் பற்றி எவரும் எதையும் பேசலாம், இல்லையா?

எங்கள் இடத்தைக் கேட்டார்கள், இப்போது பெயரைக் கேட்கிறார்கள். கழிப்பறை சரியாக இருக்கிறதா, விடுதியில் இடம் போதுமா, காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்பினார்களா என்று எந்த அரசுக் கல்லூரியைப் பற்றியாவது ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு விவாதம் வைத்ததுண்டா? பெயரை மாற்றச் செலவில்லை, அதனால்தான் இவ்வளவு ஆர்வம்.

இப்போது அங்கே படிக்கிற பெண்கள் கூடிப் பேசி, வேறு பெயர் வேண்டும் என்று முடிவு செய்தால் எனக்கு வலிக்கும். நாலு நாள் புலம்புவேன், பிறகு ஏற்றுக்கொள்வேன். அது அவர்கள் உரிமை. நேற்று பேசியவருக்கு அந்த உரிமை கிடையாது.

நிகழ்ச்சிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அடுத்த முறை எங்கள் கல்லூரியைப் பற்றிப் பேசினால் எங்களில் ஒருத்தியைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.