‘தெஹானு’வைத் தவிர்த்துவிடாதீர்கள்

உர்சுலா கே. லெ குவின் எழுதிய, மந்திரம் நிறைந்த ஒரு தீவுலகின் கதையான எர்த்ஸீ வரிசையில் முதல் மூன்று நாவல்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லும் வாசகர்களைத் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். அந்த வரிசையின் உயிர்நாடி நான்காவது நாவலான ‘தெஹானு’வில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், மானிடவியலாளர் ஒருவருக்கு மகளாகப் பிறந்த லெ குவின், இளையோருக்கு ஒரு நூல் வேண்டும் என்று பதிப்பாளர் ஒருவர் கேட்டதன்பேரில் எழுதிய இவ்வரிசையின் முதல் நாவல் 1968இல் வெளிவந்தது. மிகுபுனைவின் நாயகர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களாகவே இருந்த அந்நாளில், தம் நாயகனான கெட் என்னும் மந்திரவாதியைச் செம்பழுப்பு நிறத்தவனாகப் படைத்தார். 1972இல் வந்த மூன்றாவது நாவல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும் பெற்றது.

ஆனால் அவ்வுலகில் ரோக் தீவின் மந்திரப் பள்ளி பெண்களைச் சேர்ப்பதில்லை. பெண்ணின் மந்திரம் வலுவற்றது, தீயது என்னும் சொலவடை முதல் நாவலிலேயே வருகிறது. அதை எழுதியவரே 22 ஆண்டுகள் கழித்து, 1990இல், ‘தெஹானு’வின் வழியாக அதற்கு முகங்கொடுத்தார். இரண்டாம் நாவலில் இளம் பூசாரிணியாக நாம் கண்ட தெனார் இங்கே கணவனை இழந்த நடுவயதுப் பெண். தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிட்டுத் திரும்பும் கெட், வெறும் மனிதனாக வாழப் பழக வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு நடுவே, நெருப்பில் தள்ளப்பட்டு முகத்தின் ஒரு பக்கம் கருகிய ஒரு சிறுமி. பெரும்போர்கள் இல்லை. பாத்திரம் கழுவுவதும், ஆடு மேய்ப்பதும், இரவில் கதவுக்கு வெளியே கேட்கும் காலடியோசைக்கு அஞ்சுவதுமே கதையின் பெரும்பகுதி. அந்த அச்சத்தைப் போல என்னை உலுக்கிய மந்திரக் காட்சி முந்தைய மூன்றிலும் இல்லை.

இந்நாவலில் அரசியல் புகுந்துவிட்டது என்று குறைபடுகிறார்கள். பெண்களுக்கு மூடப்பட்டிருந்த பள்ளிக் கதவில் அரசியல் முன்பே இருந்தது. அப்போது அது நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். லெ குவின் பழைய நூல்களில் ஒரு வரியையும் அழிக்கவில்லை. அதே தீவுகளில், அதே மனிதர்களிடையே நின்று, அதுவரை யாரும் கேட்காதவர்களைப் பேசவைத்தார். 2001இல் வந்த கதைத் தொகுப்பில் இன்னும் பின்னோக்கிச் சென்று, ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களிலேயே பெண்கள் இருந்தார்கள் என்று எழுதினார்.