காசு கொடுத்து முகாமுக்கா?

ஓகஸ்ட் விடுமுறைக்கு மலையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்று சொன்னதும் பிள்ளைகள் துள்ளினார்கள். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "காசு குடுத்து முகாமுக்குப் போறதோ தம்பி? உனக்கு விசரோ?"

எங்களுக்குச் சொந்த ஊர் திருகோணமலைப் பக்கம் சம்பூர். 2006 ஏப்ரலில் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்ட சனம் வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் அகதி முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தது. காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 இல்தான். அம்மாவின் ஐம்பதுகளில் பெரும்பகுதி தறப்பாளுக்குக் கீழே போனது. 'முகாம்' இல்லை அம்மா, 'காம்பிங்' என்று சொல்லிப் பார்த்தேன். "பேரை மாத்தினா நுளம்பு கடிக்காதோ?" என்றார்.

சொந்தக்காரர்கள், "அவவை அக்கா வீட்டில விட்டுட்டுப் போங்கோவன்" என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குடும்பத்தோடு தங்கும் இடம் என்று விளம்பரம் போடுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் எழுபது வயது ஆளுக்கு இடமில்லையா? கடைசியில் அப்பம்மா வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று சின்னவன் அழுததால்தான் வந்தார். மற்றபடி என் வாதம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை. அங்கிருந்து ரத்தோட்டை தாண்டி ரிவஸ்டன் பக்கம் ஏறுகிற வளைவுப் பாதை. மிளகுக் கொடியும் சாதிக்காய் மரமுமாக இருந்த வழி, மேலே போகப் போகப் புல்லும் பனிமூட்டமுமாக மாறியது. வெள்ளைக்காரருக்கு மடக்கிய கைவிரல் மொளிகள் மாதிரித் தெரிந்ததால் 'நக்கிள்ஸ்' என்று பெயர் வைத்த மலைத்தொடர் இது. சிங்களத்தில் தும்பறை. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. 1,000 மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை வெப்பம் குறையும் என்பார்கள். திருகோணமலையில் பனியனோடு ஏறிய பெரியவன் ரிவஸ்டனில் என் சேர்ட்டையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டான்.

மேலே வாகனத்தை நிறுத்தி இறங்கினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. அம்மா சீலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது எங்கட கச்சான் வாற வழி" என்றார். விசாரித்துச் சொன்னதில்லை, காற்றின் திசையை வைத்துச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கி அனலாக வருவதைத்தான் நாங்கள் கச்சான் என்று திட்டுகிறோம். அதே காற்று இங்கே ஈரத்தோடு முகத்தில் அடித்தது.

அப்புறம் தங்குமிடம். எந்த இடம் என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லப் போவதில்லை. படத்தில் பார்த்த காட்சி நிஜமாகவே இருந்தது, அதில் பொய் இல்லை. பொறுப்பாக நின்ற பெடியன் எங்களுக்கான இடத்தைக் காட்டினான். புல் மெத்தை மாதிரி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கொஞ்சம் தாழ்வாக ஒரு அழகான குழி. நான் உடனே சரி என்றேன்.

அம்மா காட்சியைப் பார்க்கவேயில்லை. சரிவைப் பார்த்தார், மேலே மரத்தில் காய்ந்த கொப்பு இருக்கிறதா என்று பார்த்தார், மலசலகூடம் எங்கே என்று கேட்டார். பிறகு, "மழை வந்தா தண்ணியும் இஞ்சதான் வந்து படுக்கும், மேட்டில போடு" என்றார். பெடியன் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேட்டில்தான் போட்டோம். கூடாரத்தின் மேற்பக்கமாக அம்மா ஒரு சிரட்டையையும் சமையலறைக் கத்தியையும் வைத்து நாலு விரல் ஆழத்தில் வாய்க்கால் வெட்டினார். (தனியார் காணி என்பதால் விட்டேன். காப்புக்காட்டுக்குள் இப்படிக் கிண்டக் கூடாது. திரும்பும்போது அவரே மூடிப் புல்லையும் பதித்துவிட்டார்.) ஈரமான துணியைக் கை தொட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று பிள்ளைகளை நடுவில் படுக்க வைத்தார். அட்டைக்கு உப்பும் தேசிக்காயும் என் மனைவி கொண்டு வந்திருந்தாள். மாமியும் மருமகளும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை பிடிக்கவில்லை.

இரவு பத்தரைக்கு மழை பிடித்தது. நாங்கள் வேண்டாம் என்று விட்ட குழியில் பின்னேரம் வந்த ஒரு குடும்பம் கூடாரம் போட்டிருந்தது. கைக்குழந்தையோடு அவர்கள் வெளியே ஓடி வந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. அம்மா டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கூட்டி வந்தார். ஒன்பது பேர் ஒரு கூடாரத்தில் விடியும்வரை குந்தியிருந்தோம். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. குழந்தைக்குத் தலை துவட்ட அது தேவைப்படவில்லை.

இனி எனக்குக் கோபம் வந்த விஷயம். சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் ஒரு தொண்டு நிறுவனத்தில் முகாம்களில் மலசலகூடம் எண்ணுகிற வேலை பார்த்தேன். அப்போது எங்கள் கையில் இருந்தது, நிவாரண வேலைக்கான ஆகக் குறைந்த சர்வதேசத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு. அதன்படி 20 பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும், இருப்பிடத்திலிருந்து 50 மீற்றருக்குள் இருக்க வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். எல்லாம் இழந்து வந்தவர்களுக்கான ஆகக் குறைந்த கணக்கு இது. நாங்கள் காசு கட்டித் தங்கிய இடத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம், மலசலகூடம் ஒன்று. இருட்டில், வழுக்குகிற கல்லில், நூறு காலடிக்கு மேல் எண்ணியபிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு மின்குமிழ்கூட இல்லை. பெண்கள் பின்னேரம் நாலு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதைப் பார்த்தேன். கிளிவெட்டியிலும் அப்படித்தான் செய்தோம் என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

இயற்கையோடு வாழ வந்தால் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள். தோளில் பையோடு மலை ஏறுகிற இளந்தாரிகளுக்கு அது சரி, அவர்கள் தெரிந்தே போகிறார்கள். 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று எழுதிக் காசு வாங்குகிறவர் வெட்டவெளியை விற்க முடியாது. காட்சியை மலை சும்மா தருகிறது. நாங்கள் கட்டுகிற காசு கழிப்பறைக்கும் வெளிச்சத்துக்கும் தண்ணீர் நிற்காத நிலத்துக்கும்தான். பதிவு செய்யத் தொலைபேசி எடுக்கும்போது சூரிய உதயம் தெரியுமா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்த நாள் காலை பெடியன் வந்து, மேட்டில் இன்னும் எத்தனை கூடாரம் போடலாம் என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா கூடவே நடந்து ஒவ்வொரு இடமாகக் காட்டினார். நான் கணக்குத் தீர்த்தேன். ஒரு ரூபாய் குறைக்கவில்லை!

திரும்பும் வழியில் தம்புள்ளையில் மரக்கறி வாங்க நிறுத்தினோம். அம்மா பக்கத்து இரும்புக்கடைக்குள் போய், கைப்பிடி குட்டையான ஒரு மண்வெட்டியோடு வந்தார். வீட்டில் இரண்டு கிடக்கிறதே என்றேன். பதில் இல்லை. நேற்று வாகனம் கழுவும்போது டிக்கியிலிருந்து அதை எடுத்து வெளியே வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், திரும்பவும் டிக்கிக்குள்ளேயே கிடக்கிறது.