லீவு கணக்கில் கழியுது, காலண்டரில் மட்டும் காணோம்!

நேற்றும் அதே கூத்து. லீவில் இருக்கிறேன், போன் அடிக்கிறது. "எல்லாரும் மீட்டிங்ல காத்துட்டு இருக்காங்க, நீங்க எங்க?" லீவு சார் என்றேன். "காலண்டர்ல உங்க லீவு வியாழனோட முடியுதே?"

புதன், வியாழன், வெள்ளி என்று கேட்டு வாங்கிய லீவு. அப்ரூவ் செய்தவர் இதே சார்தான். அவர் அனுப்பிய மெயிலை நானே தேடி எடுத்து அவருக்கே அனுப்பினேன். படித்துவிட்டு, "ஆமா, ஆனா காலண்டர்ல இல்லையே" என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கிறார். ஸ்கிரீன்ஷாட் வேறு அனுப்புகிறார், நான் பொய் சொல்வது போல! வியாழனோடு நிற்கும் ஒரு பச்சைப் பட்டை. அதற்கு இருக்கும் மதிப்பு அவரே கொடுத்த அனுமதிக்கு இல்லை. கடைசியில், "சரி, வந்தது வந்துட்டீங்க, ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டுப் போங்க." நான் எங்கே வந்தேன்? போனை எடுத்தேன், அவ்வளவுதானே!

இது ஏன் நடக்கிறது தெரியுமா? லீவு மென்பொருளிலிருந்து காலண்டருக்குத் தகவல் ஐகேலண்டர் என்ற பொது வடிவத்தில் போகிறது. அதில் முழுநாள் பதிவின் முடிவுத் தேதி கணக்கில் சேராது. வெள்ளி வரை லீவு என்றால் முடிவு சனி என்று எழுத வேண்டும். வெள்ளி என்றே எழுதினால் பட்டை வியாழனோடு நின்றுவிடும். 1998-இல் வந்த விதி இது, 2009-இல் திருத்தி எழுதியபோதும் அப்படியேதான் வைத்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு நாளைக் கூட்டி எழுதத் தெரியாத மென்பொருளிடம் நம் லீவை ஒப்படைத்திருக்கிறார்கள். ஆனால் லீவு இருப்பில் மட்டும் வெள்ளியைப் பிசகாமல் கழித்துவிட்டார்கள். கழிக்கும்போது தெரிகிற வெள்ளி காட்டும்போது எங்கே போனது?

பட்டை சரியாக விழுந்தாலும் நிம்மதி இல்லை. முழுநாள் பதிவைப் பல காலண்டர்கள் தாமாகவே 'ஃப்ரீ' என்றுதான் குறிக்கும். மீட்டிங் வைக்கிறவர் நேரம் தேடினால் நாள் முழுக்க நாம் சும்மா இருப்பதாகக் காட்டும். 'அவுட் ஆஃப் ஆபீஸ்' என்று ஒரு நிலை இருக்கிறது. லீவைப் பதிவேற்றும்போது அதைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

பொது விடுமுறைகள் இன்னும் மோசம். பட்டியலை யாரோ இரண்டு தடவை ஏற்றியதில் எல்லாப் பண்டிகையும் இரட்டையாக நிற்கிறது. லீவு இல்லாமல் பெயருக்கு மட்டும் அனுசரிக்கும், ஆபீஸ் திறந்திருக்கும் நாட்களும் அதே நிறத்தில் கலந்து கிடக்கின்றன. பிறை பார்த்து முடிவாகும் ரம்ஜான் நாள் தள்ளிப்போனால் காலண்டரைத் திருத்த ஆளே கிடையாது. பழைய தேதியை நம்பி டிக்கெட் போட்டவர் தலையெழுத்து அவ்வளவுதான்.

அப்ரூவ் ஆன லீவுதான் மூலம், காலண்டர் அதன் நகல். நகலில் பிழை என்றால் நகலைத் திருத்துங்கள். ஆளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்!

அப்புறம், பொதுக் காலண்டரில் பெயரே போடாமல் வெறும் 'லீவு' என்று மட்டும் எழுதி வைக்கும் புண்ணியவான் யார்? யாருக்கய்யா லீவு?