உருவத்தைப் பார்த்து விஷத்தை அளக்காதீர்கள்

“பெரிய கருந்தேள் கொட்டினால்தான் ஆபத்து, சின்னச் செந்தேள் குளவி மாதிரிதான், வலி குறைந்தால் தூங்கிவிடலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விஷயம் நேர் தலைகீழ்.

உள்ளங்கை அளவு கருந்தேள் கொட்டி நானும் துடித்திருக்கிறேன். சுண்டு விரலில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கடுப்பு முழங்கை வரை ஏறி, இரவெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. காலையில் வெறும் மரமரப்புதான். அவ்வளவுதான்.

செந்தேள் அப்படியில்லை. அதன் விஷம் நரம்புகளைத் தூண்டி அட்ரினலின் என்ற ஹார்மோனை ஏராளமாகச் சுரக்க வைக்கும். உடம்பு வியர்த்து நனையும், வாந்தி வரும், கைகால் சில்லிடும், நெஞ்சு படபடக்கும். அப்புறம் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இது உயிர்போகிற விஷயம். வலியே அதிகம் இல்லாமல் இவ்வளவும் நடக்கலாம், அதனால் வலியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மகாராஷ்டிராவின் மகாட் பகுதியில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் மாத்திரை கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். இரத்த அழுத்தத்துக்கான சாதாரண மாத்திரைதான் அது. ஆனால் நீங்களாக விழுங்காதீர்கள். கடிவாயைக் கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.