தானத்துக்கு ஒரு ஸ்கார்ப்பியோ

(பெங்களூரு அல்சூர். அடுக்ககத்தின் பார்க்கிங். தூசு மூடிய 2012 டீசல் ஸ்கார்ப்பியோ. அதன் சொந்தக்காரர் சரோஜா அக்கா. எதிரே மல்டிமீட்டரோடு மர்ஃபி டவுன் மெக்கானிக் செல்வம்.)

சரோஜா: ஸ்டார்ட் மட்டும் பண்ணிக் குடுத்துடு செல்வம். சாயங்காலம் முதியோர் இல்லத்துக்காரங்க வந்து ஓட்டிட்டுப் போயிடுவாங்க. புண்ணியத்துக்குப் புண்ணியம், பார்க்கிங்கும் காலி.

செல்வம்: கடைசியா எப்ப எடுத்தீங்க?

சரோஜா: தீபாவளிக்கு.

செல்வம்: எந்த தீபாவளி?

சரோஜா: வந்த வேலையைப் பாரேன்.

செல்வம்: பேட்டரி 11.8 வோல்ட். 12.6 காட்டணும். நிறுத்தினப்பவே மைனஸ் ஒயரைக் கழட்டியிருந்தா இன்னும் மூச்சு இருந்திருக்கும். (பானெட்டைத் தூக்கி) அடேயப்பா! எலி குடித்தனமே நடத்தியிருக்கு. ஏர் ஃபில்டர் பெட்டியில தேங்கா நார் மெத்தை, ஒயரிங் பூரா கடி.

சரோஜா: ஓசி வண்டிதானே, அவங்க பாத்துப்பாங்க. டயரைப் பாரு, பட்டன் அப்படியே இருக்கு, தேயவே இல்லை.

செல்வம்: பட்டன் இருக்கு. குனிஞ்சு இந்தப் பக்கத்தைப் பாருங்க. முட்டை வடிவக் கட்டத்துல நாலு நம்பர், 2317.

சரோஜா: விலையா?

செல்வம்: பொறந்த தேதி. 2017, 23ஆவது வாரம். சைட்வால்ல நகத்தை வெச்சுப் பாருங்க, பாளம் பாளமா வெடிச்சிருக்கு. ஓடித் தேயலைன்னாலும் ரப்பர் காஞ்சு போகும். பாட்டிங்களை ஏத்திக்கிட்டு 80-ல போறப்போ வெடிச்சா?

சரோஜா: மெதுவாப் போகச் சொல்லு.

செல்வம்: முதல்ல ஏறணுமே! முட்டிவலி உள்ளவங்களுக்கு இந்த உயரமா? வண்டி வேணும்னு அவங்க கேட்டாங்களா?

சரோஜா: தானம் குடுக்கறதுக்குக் கேட்டுக்கிட்டா குடுப்பாங்க? கையெழுத்துப் போட்டு எல்லா ஃபாரமும் ரெடி. தேதி, பேரெல்லாம் அவங்க எழுதிக்கட்டும்.

செல்வம்: அதைத்தான் செய்யக் கூடாது. ஆர்சியில, அதான் வண்டிப் பதிவுச் சான்றுல, உங்க பேர் இருக்கிற வரைக்கும் ஓனர் நீங்கதான். வண்டி நாலு கை மாறி இடிச்ச கேஸ்ல, ஆர்சியில பேர் இருந்தவர்தான் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

சரோஜா: அதான் தானப் பத்திரம் எழுத ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டேனே!

செல்வம்: எழுதுங்க, அழகா இருக்கும். ஆனா பேர் மாத்த ஃபாரம் 29 ரெண்டு காப்பி, ஃபாரம் 30. இல்லத்தை நடத்தற டிரஸ்டோட தீர்மானம், பான் கார்டு. அப்புறம் சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட்.

சரோஜா: அது என்ன?

செல்வம்: இந்த இரும்புல நம்பர் வெட்டியிருக்கே, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, மெல்லிசுக் காகிதத்தை ஒட்டி, பென்சிலைப் படுக்க வெச்சுத் தேய்க்கணும். பள்ளிக்கூடத்துல நாலணாவை வெச்சுத் தேய்ப்போமே, அதேதான். ஒரு எழுத்து மங்கினாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து திரும்ப வரணும்... இருங்க, ஆர்சியில பேங்க் பேர் இருக்கே?

சரோஜா: அந்தக் கடன் 2017-லயே முடிஞ்சது!

செல்வம்: பணத்துல முடிஞ்சது, ஆர்சியில முடியலை. பேங்க்ல ஆட்சேபம் இல்லைன்னு என்ஓசி வாங்கி, ஃபாரம் 35 குடுத்து அந்தப் பேரை முதல்ல எடுக்கணும். ஃபாஸ்டேகையும் மூடச் சொல்லுங்க. இல்லேன்னா அவங்க மைசூர் போவாங்க, டோல் உங்க அக்கவுண்ட்ல போகும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள டிரஸ்ட் பேருக்கு மாத்த எழுதணும். கிளைம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, நோ கிளைம் போனஸ், அது மட்டும் வண்டியோட போகாது, உங்களோடது. சர்ட்டிபிகேட் வாங்கி வெச்சுக்கிட்டா புது வண்டிக்கு ஆகும்.

சரோஜா: போகட்டும், வருமான வரியில கழிக்க 80ஜி ரசீது வருமில்ல? அதை நம்பித்தான் இறங்கினேன்.

செல்வம்: அப்ப புண்ணியம்னது?

சரோஜா: ரெண்டும்தான்.

செல்வம்: வண்டி, அரிசி, போர்வைன்னு பொருளாக் குடுத்தா 80ஜி கிடையாது. பணத்துக்குத்தான். அதுலயும் ரொக்கம்னா 2,000 ரூபாய் வரைதான், மேலே போனா செக். டிரஸ்ட் நன்கொடை சர்ட்டிபிகேட் தரணும். நீங்க புது வரி முறையில இருந்தா அதுவும் இல்லை.

சரோஜா: பழைய முறைதான். (வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து) அப்போ வித்துட்டு செக்காக் குடுத்துடலாமா?

செல்வம்: அதுதான் சரி. வாங்கறவன் பேருக்கும் ஆர்சி மாத்தியாகணும், அதுல தப்பிக்க முடியாது. ஆனா டயர், டீசல், டிரைவர்னு இல்லத்துக்குச் செலவு மிச்சமாகும். ஆர்சி 2027 வரைக்கும்தான், அப்புறம் எஃப்சி, அதான் தகுதிச் சான்று, காட்டிப் புதுப்பிக்கிற அலைச்சலும் அவங்களுக்கில்லை.

சரோஜா: நீயே எடுத்துக்கிறியா?

செல்வம்: எடுத்துக்கலாம். பேட்டரி, நாலு டயர், ஒயரிங் செலவைக் கழிச்சுட்டுப் பாத்தா...

சரோஜா: எதுக்குக் கழிக்கணும்? சிங்கிள் ஓனர் வண்டி! மழையில நனைஞ்சதில்லை, வெயில் பட்டதில்லை. டயரைப் பாரு, பட்டன் அப்படியே இருக்கு!

செல்வம்: அக்கா, இப்பத்தானே ஓசி வண்டின்னீங்க?

சரோஜா: அது தானம். இது வியாபாரம்.

செல்வம்: எலி?

சரோஜா: நல்ல வண்டியாப் பாத்துத்தான் குடிவந்திருக்கு.