அந்த ஓரம் எங்கே இருக்கிறது?

ஓரமாகப் போ, ஓரமாகப் போ என்று இந்த ஊரில் எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் பாக்கியில்லை. பஸ் ஓட்டுநர் சொல்கிறார், ஆட்டோக்காரர் சொல்கிறார், கார்க் கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கிவிட்டு உள்ளேயிருந்து ஒருவர் சொல்கிறார். நேற்று எதிர்த்திசையில் வந்து என் மேல் மோதியவனும் அதையேதான் சொன்னான். அதனால் கேட்கிறேன். அந்த ஓரம் எங்கே இருக்கிறது? யாராவது வந்து கையை நீட்டிக் காட்டுங்கள், போகிறேன்.

சென்னையில் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குச் சைக்கிளில் போகிறவன் நான். சாலையின் ஓரம் எப்படி இருக்கும் என்று காரில் போகிறவர்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும். தார் முடிந்து மண் தொடங்கும் இடம் அது. அந்தத் தாரும் ஒழுங்காக முடிவதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டே போனதால், விளிம்பு மண்ணைவிட நாலைந்து அங்குலம் உயர்ந்து நிற்கிறது. சைக்கிள் சக்கரம் அதிலிருந்து ஒருமுறை சறுக்கி இறங்கினால் மறுபடி ஏறாது. ஏற்றப் பார்த்தால் சக்கரம் விளிம்பில் உரசி, ஆள் வலப்பக்கம் சாய்வான். வலப்பக்கம் பஸ் வந்துகொண்டிருக்கும். இதைத் தாண்டினால் மழைநீர் வடிகாலின் இரும்புத் தட்டி. அதன் கம்பிகளைக் குறுக்கே வைத்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. நீளவாக்கில், சரியாகச் சைக்கிள் சக்கரம் இறங்கும் இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டினால் கேபிள் போடத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய பள்ளம், சீவிப் போட்ட இளநீர் மட்டைக் குவியல், ஆள் ஏற்ற வரிசையாக நிற்கும் ஷேர் ஆட்டோக்கள், கதவு எந்த நொடியில் திறக்கும் என்று தெரியாத கார்கள். இவ்வளவும் சேர்ந்த இடத்துக்குத்தான் ஓரம் என்று பெயர். இதற்குள் போகச் சொல்லித்தான் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறார்கள்.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சொல்லித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

காலை ஒன்பது மணி இருக்கும். என் இடப்பக்கம் ஒரு பேக்கரி வாசலில் கார்கள் நிற்கின்றன. வலப்பக்கம் மாநகரப் பேருந்து, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்றடி இடம். அதில் நான் போகிறேன். எதிரே ஒரு ஸ்கூட்டர் வருகிறது. ஒருவழிப் பாதை அது. நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறது. வண்டியைத் திருப்பும் இடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்பதற்காக அவன் என் பாதையில் எனக்கு எதிராக வருகிறான். ஹெல்மெட் இருக்கிறது, தலையில் இல்லை. முழங்கையில் வளையல் போல மாட்டியிருக்கிறான். என்னைப் பார்த்துவிட்டான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டு ஹாரனில் கட்டைவிரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இடப்பக்கம் காருக்குள் புக முடியுமா? வலப்பக்கம் பஸ்ஸுக்கு அடியில் போக வேண்டுமா? பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி, நின்றுவிட்டேன். நிற்கிற சைக்கிள் மேல், நிற்கிற மனிதன் மேல், அவன் வந்து இடித்தான். ஸ்கூட்டரின் கண்ணாடி என் ஹேண்டில்பாரில் மாட்டி இழுத்தது. பிரேக் லீவர் உள்பக்கமாக மடங்கியது. கூடையிலிருந்த டிபன் பாக்ஸ் தெறித்து, மூடி கழன்று உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போனது. எலுமிச்சை சாதம் முழுக்கச் சாலையில். என் உள்ளங்கைத் தோல் வழன்று எரிகிறது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறங்கவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கிறான்: "கண் தெரியவில்லையா? ஓரமாகப் போக வேண்டியதுதானே?"

எதிர்த்திசையில் வந்தவன் கேட்கிறான்!

கூட்டம் கூடியது. டீக்கடையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "விடுங்கள் தம்பி, அவர் ஏதோ அவசரத்தில் வந்துவிட்டார்" என்கிறார். எனக்கு அவசரம் இருக்காதா? என் அலுவலகத்தில் தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்களா? இன்னொருவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே, "இந்த டிராபிக்கில் சைக்கிள் எல்லாம் எதற்கு சார், தவணையில் ஒரு வண்டி எடுத்துவிடுங்களேன்" என்று யோசனை சொல்கிறார். தவறான பாதையில் வந்தவனிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை பேரின் அறிவுரையும் அடிபட்டவனுக்கே.

பிறகு போக்குவரத்துக் காவலர் வந்தார். அப்பாடா என்று நினைத்தேன். வந்தவர் ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை. அது நிற்கும் திசையைப் பார்க்கவில்லை. முழங்கையில் தொங்கும் ஹெல்மெட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "ஹெல்மெட் எங்கே?"

"ஐயா, இது சைக்கிள்."

"தெரிகிறது. லைசென்ஸ் இருக்கிறதா?"

"சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாதே ஐயா."

"அப்புறம் எதற்கு மெயின் ரோட்டில் ஓட்டுகிறாய்?"

நாற்பத்தைந்து வயது ஆளை, பாண்ட் சட்டையோடு வேலைக்குப் போகிறவனை, ஒருமையில் கேட்கிறார். அடுத்த நொடி ஸ்கூட்டர்காரனிடம் திரும்பி, "நீங்கள் கிளம்புங்கள் தம்பி, வழியை மறைக்காதீர்கள்" என்கிறார். அவன் எந்தத் திசையில் கிளம்பினான் தெரியுமா? அதே எதிர்த்திசையில். காவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே!

அந்தக் கேள்வியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. லைசென்ஸ் இல்லாவிட்டால் சாலைக்கு ஏன் வருகிறாய் என்ற கேள்வியை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனங்கள் சட்டத்தில் உரிமம், பதிவு எண், காப்பீடு எல்லாம் மோட்டார் வாகனத்துக்குத்தான். காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அதில் வராது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைப் பற்றியது. அந்த இடத்தில் அந்தப் பிரிவை மீறி நின்றவன் ஒருவன்தான், அவனைத்தான் தம்பி என்று அழைத்து அனுப்பிவைத்தார்கள். போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதை, ஆபத்தாக ஓட்டும் குற்றமாக 184ஆவது பிரிவிலேயே 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. விபத்தில் ஒருவருக்குக் காயம்பட்டால் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று 134 சொல்கிறது. மோட்டார் வாகனம் மோதிக் காயம்பட்ட சைக்கிள்காரர் 166இன் கீழ் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். இவ்வளவும் எனக்காக எழுதிவைத்த சட்டம். எரிகிற கையோடு சாலையில் நின்றபோது இதில் ஒரு வரியாவது எனக்குக் கிடைத்ததா?

சைக்கிள்காரனைத் தண்டிப்பதற்கு மட்டும் சட்டத்தில் குழப்பமே கிடையாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, பொது வழியில் எந்த வாகனத்தைக் கண்மூடித்தனமாக ஓட்டினாலும் பாயும். சைக்கிளும் அதில் அடங்கும். 285ஆவது பிரிவு, பொது வழியில் இடைஞ்சல் செய்தால் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதற்கும் நான் ஆள்தான். அபராதம் என்றால் என் சைக்கிள் வாகனம். பாதுகாப்பு என்று வாய் திறந்தால் அது வாகனமே இல்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வணிக வளாகம் இருக்கிறது. அதன் வாகன நிறுத்தத்தில் சீட்டு போடும் கருவி பதிவு எண் கேட்கிறது. எண்ணைத் தட்டாமல் சீட்டு வராது, சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். சைக்கிளுக்குப் பதிவு எண் எங்கிருந்து வரும்? வெளியே மரத்தடியில் பூட்டிவிட்டுப் போனால், இங்கே வாகனங்களை நிறுத்தக் கூடாது என்று அதே காவலாளி ஓடிவருகிறார். மேம்பாலத்திலும் இதே கதை. தடைப் பலகை எதுவும் இல்லாத பாலத்தின் அடியில் ஒரு நாள் சும்மா விடுவார்கள், மறுநாள் மறித்து இறங்கச் சொல்வார்கள். எந்த உத்தரவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. லத்தி ஹேண்டில்பாரைத் தட்டும். என் நண்பர் ஒருவர் மின்சார சைக்கிள் வைத்திருக்கிறார். 250 வாட்டுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வகை. உரிய சான்றிதழோடு வரும் அந்த வகைக்குப் பதிவு வேண்டாம் என்று மத்திய விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார் மனிதர். ஒவ்வொரு சிக்னலிலும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தில் ஊராட்சியும் நகராட்சியும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்தன. டபுள்ஸ் போனாலும் இருட்டில் விளக்கில்லாமல் போனாலும் போலீஸ்காரர் பிடித்துச் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவார். அது கொடுமைதான். ஆனால் சாலையில் சைக்கிள் என்று ஒன்று ஓடுகிறது என்பதையாவது அப்போது ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்குக் கொள்கை இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நடப்பவர், சைக்கிள்காரர் ஒருவர்கூடச் சாலையில் சாகக் கூடாது என்பது அதன் இலக்கு. வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை வந்து, அந்த 60 விழுக்காடு எந்தக் கல்லில், எந்தத் தாரில் இருக்கிறது என்று சொல்லட்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நடப்பவர்களையும் மோட்டார் இல்லா வாகனங்களையும் பற்றி மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று 2019 திருத்தம் மோட்டார் வாகனங்கள் சட்டத்தின் 138ஆவது பிரிவில் ஒரு வழியைத் திறந்துவிட்டது. வகுக்கலாம் என்றால் யார் வகுப்பார்கள்? கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், ஆறு மாதத்துக்குள் அந்த விதிகளை வகுத்தாக வேண்டும் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட வேண்டியிருந்தது. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் வழக்குப் போட வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். லட்ச ரூபாய் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். அவர்களை யாரும் ஒருமையில் பேசுவதில்லை. கார்களே ஒதுங்கி வழிவிடுகின்றன. அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நன்றாக ஓட்டட்டும். ஆனால் திங்கட்கிழமை காலையில் மண்வெட்டியைக் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு போகிற சித்தாள், இரவுப் பணி முடிந்து வீடு திரும்புகிற காவலாளி, டீ கேனைக் கேரியரில் வைத்து ஓட்டுகிற பெரியவர், இவர்களும் அதே இரண்டு சக்கரத்தில்தானே போகிறார்கள்? எனக்காவது நாலு பிரிவுகளின் எண் தெரியும், நின்று வாதாட வாய் இருக்கிறது. சட்டையில் சிமெண்ட் படிந்த ஒருவரை நேற்று அந்த ஸ்கூட்டர் இடித்திருந்தால், கூட்டமும் காவலரும் சேர்ந்து அவரையே மன்னிப்புக் கேட்க வைத்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க 2001ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய மாநிலம் இது. பிள்ளைகளின் கையில் சைக்கிளைக் கொடுத்த அரசுக்கு, அதை ஓட்டிப்போக ஒரு கோடு அளவு பாதை போட இத்தனை ஆண்டுகளாக மனம் வரவில்லை.

மடங்கிய பிரேக் லீவரை மாற்றச் சாயங்காலம் கடைக்குப் போனேன். அங்கே இன்னொரு எரிச்சல். புதிதாக வந்த சைக்கிள்களைப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று விலை எழுதியிருக்கிறது. ஒன்றிலாவது மட்கார்டு இருக்க வேண்டுமே? கேரியர் கிடையாது, பெல் கிடையாது, சிலவற்றில் ஸ்டாண்டுகூடக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்கிற ஊரில், பின்சக்கரத்துச் சேறு முதுகில் கோடு கோடாக அடிக்கும் என்று செய்கிறவர்களுக்குத் தெரியாதா? வேலைக்குப் போகிறவன் வெள்ளைச் சட்டை போட மாட்டானா? கேட்டால், "மட்கார்டைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் சார், இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்கிறார் கடைக்காரர். நான் கேட்கிறேன் ஐயா! இதோ நிற்கிறேன், கேட்கிறேன்! அந்தச் சைக்கிளுக்கு மட்கார்டு கையிருப்பில் இல்லையாம், சொல்லித்தான் வரவழைக்க வேண்டுமாம், பத்து நாள் ஆகுமாம்.